நானே வந்து கேட்டாலும் சொல்லாதீர்கள்

உதவித்தொகைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லிக் கல்லூரியிலிருந்து கேட்டார்கள். நேரில் வந்து பேசுகிறேன் என்றேன். வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். என் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

விண்ணப்பத்தை எப்படி ஏற்றுவது, எந்தச் சான்றிதழை எந்த இடத்தில் இணைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. நான் வேலையில் இருந்தவரை அந்த இணையதளம் மூன்று அவதாரம் எடுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நான் கற்றுக்கொண்டு முடித்த வாரத்தில்தான் மாற்றினார்கள். உங்கள் காலத்திலும் மாறும். மாறாமல் இருப்பது ஒன்றுதான்: கடைசி நாள். கடைசி நாளில் நாம் யார் என்பது நமக்கே தெரிந்துவிடும். நான் யார் என்பது எனக்கு வருஷா வருஷம் தெரிந்தது. சந்தோஷப்படும்படியாக இல்லை.

பதறுவதில் எனக்கு ஒரு தேர்ச்சி உண்டு. பிரிண்டரில் தாள் சிக்கினால் முதல்வர் அறைக்கு ஓடுவேன். திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தால் நானும் எழுந்து அறையைச் சுற்றுவேன். ஒரு முறை அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி தானும் எழுந்து என் பின்னால் வந்தாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாளாம்.

எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா இதற்கு நேர்மாறு. கட்டடம் தீப்பிடித்தாலும் எழுந்து போகுமுன் பேனாவுக்கு மூடி போடுகிற மனுஷி. நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷமே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “பயணப்படி இருக்கு, பஞ்சப்படி இருக்கு. பதட்டப்படின்னு ஒண்ணு நம்ம சம்பளத்துல கிடையாது. அப்புறம் எதுக்கு அந்த வேலையச் சும்மா பாக்குறீங்க?”

நான் இதைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அந்த வேலையைச் சும்மாவே தொடர்ந்து பார்த்தேன்.

கதைக்கு வருகிறேன். அந்த வருஷம் காரைக்குடிப் பக்கம் ஒரு புதுத் தொல்லை. “ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல இருந்து பேசுறோம், உங்க பொண்ணுக்குப் பணம் வந்திருக்கு, போனுக்கு வந்த ஓடிபி நம்பரைச் சொல்லுங்க” என்று பெற்றோருக்கு அழைப்பு வரும். சொன்னால், கணக்கில் கிடந்ததும் போய்விடும். எங்கள் மாணவர்கள் இரண்டொருவர் வீட்டிலேயே இது நடந்தது. ஆகவே பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று முடிவானது. மற்றவர்கள் எல்லாம் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் நாடகமே போட்டேன். கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு ஏமாற்றுக்காரன் மாதிரிப் பேசிக் காட்டினேன். வங்கி மேலாளர் மாதிரிப் பேசினேன். அழுகிற மகள் மாதிரி, “அம்மா, சீக்கிரம் நம்பரைச் சொல்லும்மா” என்று பெண் குரலில் பேசினேன். இப்போதெல்லாம் குரலைக்கூட மாற்றிப் பேசுகிறான், குரலை வைத்து நம்பாதீர்கள் என்றேன். தாய்மார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் எனக்குச் சாராயம் மாதிரி. நிறுத்தத் தெரியாது. கடைசியில் மேடை முனைக்கு வந்து நின்று சொன்னேன்:

“யார் கேட்டாலும் சொல்லாதீங்க. போலீஸ்னு சொன்னாலும் சொல்லாதீங்க. ஏன், நானே நேர்ல வந்து, உங்க கால்ல விழுந்து கேட்டாலும் சொல்லாதீங்க.”

கைதட்டல். அது அடங்கியதும் நடு வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“சார், நெசமாவே நீங்க வந்து கேட்டா?”

“நெசமாவே நான் வந்து கேட்டாலும்தான்.”

“சரி சார்” என்றது குரல். அதோடு நான் அதை மறந்துவிட்டேன். குரல் மறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மாசி வந்தது. உதவித்தொகையைப் புதுப்பிக்கக் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரத்தில், ஏற்கெனவே அனுப்பி முடித்திருந்த ஒரு விண்ணப்பம் மேலேயிருந்து திரும்பி வந்து திரையில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் வருஷம் கணிதம் படிக்கும் சௌமியா. ஊர் பள்ளத்தூர். காரணம், பெயர்ப் பொருத்தமின்மை. கல்லூரியில் அவள் பெயரை ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதியிருந்தோம், ஆதாரில் வேறு மாதிரி இருந்தது. வித்தியாசம் ஓர் எழுத்து. கூப்பிட்டால் இரண்டுக்கும் அவள்தான் திரும்பிப் பார்ப்பாள். தளம் திரும்பிப் பார்க்காது.

திருத்துவது பெரிய வேலையில்லை. ஓர் எழுத்தை மாற்றிவிட்டு, ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு மறுபடி அனுப்ப வேண்டும். மாலை தளம் மூடுவதற்குள் செய்ய வேண்டும். வகுப்பிலிருந்து சௌமியாவைக் கூப்பிட்டு வரச் சொன்னோம். வந்தாள்.

“போன் எங்கம்மா?” என்றேன்.

“அம்மாகிட்ட இருக்கு சார். சின்ன வயசுல ஆதார் எடுக்கயில அம்மா நம்பரத்தான் கொடுத்தாங்க.”

“அம்மா எங்க?”

“திருக்கோஷ்டியூர் தெப்பத்துக்குப் போயிருக்காங்க.”

கூப்பிட்டுப் பார்த்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி கூப்பிட்டோம். அதே பெண்மணி அதே பொறுமையோடு அதையே சொன்னார். தெப்பம் நாளில் திருக்கோஷ்டியூருக்கு எத்தனை ஊர்ச் சனம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை பேர் கையிலும் செல்போன். அங்கே ஒரு டவர் என்னதான் செய்யும்?

சௌமியா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: “இது வரலைன்னா மூணாம் வருஷம் கட்ட முடியாது சார். எங்க மாமா திருப்பூர்ல மில்லுல சொல்லி வச்சிருக்காரு. அம்மாதான், ஸ்காலர்ஷிப் வருது, அவ படிக்கட்டும்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்காங்க.”

இதைக் கேட்டதும் எனக்குள் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஓர் ஆள் என்ன செய்வான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மகளை அழைத்துக்கொண்டு தாயிடம் போவான். தாய் மகளிடம் நம்பரைக் கொடுப்பாள். நான் என்ன செய்தேன் என்றால், அடையாள அட்டையை மேசையில் விட்டுவிட்டு, செல்போனைச் சார்ஜரில் விட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய யாருடையதோ ஒரு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மாடியிலிருந்து சௌமியா, “சார், நானும்…” என்று ஏதோ சொன்னாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

திருப்பத்தூர் தாண்டும்போதுதான் அந்தத் தாயாரின் முகம் எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. பெயர் தெரியும், முத்துராக்கு. விண்ணப்பத்தில் பார்த்தது. தெப்பத்துக்கு வருகிற கூட்டத்தில் முத்துராக்கு என்று கூப்பிட்டால் குறைந்தது ஒரு பஸ் நிறையப் பெண்கள் திரும்புவார்கள். ஆனாலும் வண்டியைத் திருப்பவில்லை. பதற்றத்தின் விசேஷமே அதுதான். முன்னால் மட்டும்தான் போகும்.

ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நடந்தேன். தெப்பக்குளத்தைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. கரை நெடுக அகல் விளக்குகள். அந்த வழக்கம் நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலருக்காகச் சொல்கிறேன். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு கரையில் எரிகிற விளக்குகளில் ஒன்றை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். நினைத்தது நடந்தால் அடுத்த தெப்பத்துக்கு வந்து கரையில் விளக்கேற்றி வைப்பார்கள். ஆகவே அங்கே நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர் கேட்க வந்தவர்கள், பாதிப் பேர் கிடைத்ததற்குக் கணக்குத் தீர்க்க வந்தவர்கள். ஓடிபி கேட்க வந்தவன் நான் ஒருவன்தான்.

காணாமல் போனவர்களுக்காக ஒரு பந்தலில் மைக் வைத்திருந்தார்கள். தொண்டர் ஒருவர் உட்கார்ந்து பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மனுஷன் படித்துப் பார்க்காமல் அப்படியே ஒலிபெருக்கியில் விட்டார்:

“பள்ளத்தூரிலிருந்து வந்திருக்கும் முத்துராக்கு அவர்கள், தங்கள் செல்போனுக்கு வந்திருக்கும் ஓடிபி நம்பருடன் உடனடியாகப் பந்தலுக்கு வரவும். அவசரம். தங்களுக்குப் பணம் வந்திருக்கிறது.”

கடைசி வாக்கியத்தை நான் எழுதவில்லை. அவராகச் சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேளம்கூட ஒரு தட்டுத் தாமதித்த மாதிரி எனக்குப் பட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது. இளம் வயதுக் காவலர்.

“ஓடிபியா?” என்றார்.

“ஆமா சார். அது வந்து…”

“வாங்க, இப்படி ஓரமா வாங்க. என்ன வேலை பாக்குறீங்க?”

“காலேஜ்ல. ஸ்காலர்ஷிப் செக்ஷன்.”

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “போன வாரம் எங்க ஸ்டேஷனுக்கு வந்த ரெண்டு புகார்லயும் அதேதான் சொல்லியிருக்கான். ஸ்காலர்ஷிப் செக்ஷன். ஐடி கார்டு இருக்கா?”

“மேசையில இருக்கு.”

“போன்?”

“சார்ஜர்ல இருக்கு.”

“பேரு?”

சொன்னேன். அவர் என் தலையைப் பார்த்தார். “ஹெல்மெட்ல மாணிக்கம்னு எழுதியிருக்கு?”

கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்டில், பெரிய எழுத்தில், மாணிக்கம். வேதியியல் ஆய்வக உதவியாளர். பாவம், பொருள் திருட்டுப் போகக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்.

“பேர் ஒத்துப்போகலையே” என்றார் காவலர்.

பெயர்ப் பொருத்தமின்மை. இத்தனை வருஷம் எத்தனையோ விண்ணப்பங்களில் அந்தக் குறிப்பை வாசித்து, “திருத்திக்கொண்டு வாருங்கள்” என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்த விண்ணப்பத்துக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் போன ஒருவர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பள்ளத்தூர்ப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவரின் ஒரு கையில் எண்ணெய் ஊற்றிய அகல், மறு கையில் பட்டன் போன். நாற்பது வயது இருக்கும். பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்களே, அங்கே சமையலுக்கு இருக்கிறவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

“முத்துராக்குன்னு கூப்பிட்டீகளே, யாரு?” என்றார்.

“நீங்கதானா அம்மா? இவரத் தெரியுமா பாருங்க” என்றார் காவலர்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது.

“தெரியும். காலேஜுல மைக்கப் பிடிச்சு, ஓடிபி கேக்குற களவாணிப் பய மாதிரியே பேசுனவுக.”

காவலர் என் பக்கம் திரும்பினார். “பேசுனவரா?”

“அது விழிப்புணர்வு சார்.”

“பொம்பளக் குரல்லகூடப் பேசுவாக” என்று இன்னொரு பெண் கூடுதல் தகவல் கொடுத்தார். “எங்க சின்னவ குரலு மாதிரியே இருந்துச்சு. நான் பயந்தே போனேன்.”

நான் முத்துராக்குவிடம் விஷயத்தைச் சொன்னேன். விண்ணப்பம் திரும்பி வந்தது, ஓர் எழுத்து, இன்று மாலைக்குள் போகாவிட்டால் இந்த வருஷத்துப் பணம் இல்லை, சௌமியா கம்ப்யூட்டர் முன்னால் காத்திருக்கிறாள். முகம் மாறியது. மில் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. ஆனால் அது அவர் முகத்தில் வந்து போனது.

போனைப் பார்த்தார். அழைப்பு எதுவும் உள்ளே வரவில்லை. மெசேஜ் மட்டும் எப்படியோ நுழைந்து வந்திருந்தது. அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அம்மா விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

“ஆறு நம்பரு வந்திருக்கு சார்” என்றார்.

“அதேதான். சொல்லுங்கம்மா.”

அவர் போனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். “அது எப்பிடி சார்? நீங்கதான சொன்னீக?”

“என்ன சொன்னேன்?”

“நானே நேர்ல வந்து கேட்டாலும் சொல்லாதீகன்னு. நான் எந்திருச்சு, நெசமாவே நீங்க கேட்டான்னு ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் கேட்டேன்ல? நெசமாவேன்னு சொன்னீக.”

நடு வரிசைக் குரல். கேட்டது ஒரே தரம்தான். ஆனால் அதைச் சொல்லிச் சண்டை போடுகிற நிலையில் நான் இல்லை.

“அம்மா, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“பேச்சுக்குச் சொன்னதா? அப்ப அன்னைக்குச் சொன்னதெல்லாமே பேச்சுக்குத்தானா?”

வேறு வழி தெரியாமல் என் முழங்கால்கள் தாமாகக் கொஞ்சம் மடங்கின.

“கால்லயும் விழுவேன்னு அன்னைக்கே சொன்னாக” என்றார் பக்கத்துப் பெண். முழங்கால்களை நிமிர்த்திக்கொண்டேன்.

மணி ஓடிக்கொண்டிருந்தது. காவலருக்கு இதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் போனில் கல்லூரி எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தார். போகவில்லை. இரண்டு முறை போட்டும் போகவில்லை.

“கால் போகாது. மெசேஜ் போகும்” என்றார். “அம்மா, இவரு நல்லவருதான்னு தெரியுது. நீங்க நம்பர என்கிட்டச் சொல்லுங்க. நான் தட்டி அனுப்பிடுறேன். ஒரு நிமிஷ வேலை.”

முத்துராக்கு காவலரின் சட்டையைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். முந்தானைக்குள்ளிருந்து போன் மெதுவாக வெளியே வந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

“போலீசுக்காரவுகளே கேக்குறாக. சொல்லலாமா சார்?”

அந்த இடத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். சொல்லுங்கள் என்று நான் தலையை ஆட்டியிருந்தால் அத்தோடு முடிந்தது. ஒரு நிமிஷம். விண்ணப்பம் போயிருக்கும். நானும் கரும்புச்சாறு குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அடுத்த வாரமோ அடுத்த மாதமோ, “போலீஸ்ல இருந்து பேசுறோம்” என்று எவனாவது கூப்பிட்டால் இந்த அம்மா அன்றைக்குத் தெப்பத்தில் நின்றதை நினைத்துக்கொள்வார். போலீஸ் கேட்டால் சொல்லலாம், அந்தக் காலேஜ் சாரே தலையாட்டினார் என்று. நான் மேடையில் குரங்கு மாதிரி ஆடிக் கட்டிய சுவர் அது ஒன்றுதான். அதில் ஓட்டை போட வேண்டிய ஆளும் நானே.

இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சுவரைக் காப்பாற்றப் போய் அவளைத் திருப்பூருக்கு பஸ் ஏற்றிவிட்டால், அந்தச் சுவரை நான் எங்கே வைத்துக் கும்பிடுவது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்வி வந்த நிமிஷத்தில் என் பதற்றம் நின்றுபோயிற்று. நான் நிறுத்தவில்லை. மின்சாரம் போன காற்றாடி மாதிரி அதுவாகச் சுற்றி நின்றது. அதுவரை என்னைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். ஒருவர் என் பதிலுக்காக நிற்கிறார் என்றதும் ஓட இடமில்லாமல் போய்விட்டது போல.

“வேண்டாம்மா” என்றேன். “போலீஸ்கிட்டயும் சொல்ல வேண்டாம், என்கிட்டயும் சொல்ல வேண்டாம். போன் பேசுற இடம் வரைக்கும் வெளியே போவோம். உங்க மககிட்ட நீங்களே சொல்லுங்க.”

“நேரமாயிராதா சார்?” என்றார் காவலர்.

“ஆகலாம்” என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.

முத்துராக்கு தன் கையிலிருந்த அகலைப் பார்த்தார். “இத வச்சிட்டு வந்துருட்டுமா? போன வருசம் அவளுக்காக எடுத்தது. வெளிய போயிட்டா மறுபடி உள்ள வர முடியாது.”

போன வருஷம் அவர் என்ன நினைத்து எடுத்திருப்பார் என்பதைக் கேட்க வேண்டிய அவசியமில்லை. “வச்சிட்டு வாங்க” என்றேன். பெண்கள் வழி விட்டார்கள். கரையில் குனிந்து விளக்கை ஏற்றி வைத்தார். அவசரப்படவில்லை. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சியை உள்ளங்கையால் மறைத்துப் பற்றவைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டாவது தீக்குச்சி எரிந்த நேரம்தான் என் பணிக்காலத்திலேயே நீளமானது.

பிறகு காவலர் முன்னால் வழி விலக்க, நான் நடுவில், பின்னால் பள்ளத்தூர்ப் பெண்கள் எல்லோரும். பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். “எங்கடா பிடிச்சாங்க?” என்று ஒரு கடைக்காரர் கேட்டார். “பந்தல்ல வச்சு” என்று இன்னொருவர் சொன்னார். “ஆளப் பாத்தா வாத்தியாரு மாதிரில்ல இருக்கான்?”

சாலை முனையில் காவலரின் போனுக்கு உயிர் வந்தது. கல்லூரி எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் சௌமியா எடுத்தாள். முத்துராக்கு “அலோ” என்றார்.

“அம்மா. எங்கம்மா இருக்க? சீக்கிரம் நம்பரைச் சொல்லும்மா.”

நான் மேடையில் பெண் குரலில் பேசிக் காட்டிய அதே வசனம். வார்த்தை பிசகவில்லை. முத்துராக்கு போனைச் சந்தேகத்தோடு பார்த்தார். குரலை வைத்து நம்பாதீர்கள் என்று சொன்னதும் நான்தானே.

“ஏத்தா, நீ சௌமியாதானா?”

“நான்தாம்மா. விளையாடாத.”

“நம்ம கிடா பேரென்ன?”

“அம்மா, ஆபீஸ்ல எல்லாரும் இருக்காங்க.”

“இருந்தா இருக்கட்டும். கிடா பேரென்ன?”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரல் வந்தது: “ஸ்காலர்ஷிப்.”

“இது எம்மகதான்” என்று எங்களிடம் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, போனை ஸ்பீக்கரிலிருந்து மாற்றச் சொல்லி, நம்பரை ஒவ்வொன்றாக மகளின் காதில் மட்டும் சொன்னார். அது அதற்குள் காலாவதியாகியிருந்தது. இன்னொன்று வரும்வரை காத்திருந்தோம். வந்தது. மறுபடி முதுகு. மறுபடி ஆறு நம்பர். பிறகு கண்காணிப்பாளர் அம்மா பேசினார். போனை என்னிடம் கொடுத்தார்கள்.

“போயிருச்சு” என்றார். “சமர்ப்பிக்கப்பட்டதுன்னு வந்திருக்கு. மூடுறதுக்கு இன்னும் கொஞ்ச நேரம்கூட இருக்கு. மாணிக்கம் ஹெல்மெட்டத் தேடிக்கிட்டு நிக்கிறாரு. அப்புறம் ஒண்ணு. அந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போயிருந்தா இவ்வளவு கூத்து இல்லையே?”

“ஆமா மேடம்.”

“பதட்டப்படி கேட்டு எழுதிக் கொடுங்க. மேல அனுப்பி வைக்கிறேன்.”

காவலர் என் கையைக் குலுக்கினார். முத்துராக்குவிடம் நான் கேட்டேன், கிடாய்க்கு ஏன் அந்தப் பெயர் என்று.

“எத்தன தரம் கூப்பிட்டாலும் லேசுல வராது சார்” என்றார்.

உங்களுக்குப் பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா. சொல்லி முடித்துவிடுகிறேன். பதறுவதைப் பற்றி நான் உபதேசம் செய்யப் போவதில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பதறுங்கள். ஆனால் வேறொருவர் உங்களிடம், “சொல்லலாமா சார்?” என்று கேட்கிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் ஒத்திவையுங்கள். நாம் மைக்கில் சொன்னதைக் கேட்டு நடக்கிற ஒருவர் எங்காவது ஒரு குளக்கரையில் நின்றுகொண்டிருப்பார். அவரிடம் போய், அது பேச்சுக்குச் சொன்னது என்று சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இல்லை.

அடுத்த வருஷப் பெற்றோர் கூட்டத்தில் அந்த வரியை விட்டுவிடும்படி சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. கூட ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்: “வீட்டுல ஆடு, மாடு, கோழி எதுக்காச்சும் ஒரு பேர் வச்சுக்குங்க.” சௌமியா ஆதாரில் தன் எண்ணையே சேர்த்துக்கொண்டாள். மூன்றாம் வருஷத்தை முடித்தாள். இப்போது சிவகங்கையில் ஓர் அலுவலகத்தில், மற்றவர்களுடைய விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறாள். உங்கள் மாணவர் ஒருவரின் விண்ணப்பம் ஓர் எழுத்துக்காகத் திரும்பி வந்தால் அவளைத் திட்டாதீர்கள். கடைசி நாளுக்கு ரொம்ப முன்னதாகவே திருப்பி அனுப்புகிறவள் அவள் ஒருத்திதான்.

அன்றைக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்கான பணம் பல மாதம் கழித்து வந்தது. அது வந்த நாளில் சௌமியா பரீட்சையில் இருந்தாள். அவள் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். எடுத்ததும் யார் என்று கேட்கவில்லை. “எங்க கிடா பேரென்ன?” என்றார். அதற்குள் எனக்கும் அந்தப் பரீட்சை வைக்க ஆரம்பித்திருந்தார்.

“ஸ்காலர்ஷிப்.”

“சொல்லுங்க சார்.”

“ஸ்காலர்ஷிப் வந்திருச்சும்மா.”

அந்தப் பக்கம் பெரிய பெருமூச்சு.

“அப்பாடா. காலையில இருந்து காணாம ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருக்கோம் சார். எங்குட்டு நிக்குது? அப்பிடியே பிடிச்சுக் கட்டி வைங்க, ஆளு அனுப்புறேன்.”